எந்தத் தரம்? ஐரோப்பிய நாடுகளின் வாழ்க்கைத்தர ஒப்பீடுகள் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் உலக மகிழ்ச்சி அறிக்கை வெளிவருகிறது. 2018 தொடங்கி 2025 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அதன் முதலிடத்தைப் பின்லாந்து பெற்றது. நாளிதழ்ச் செய்தியிலும் மேடைப் பேச்சிலும் மாணவர் இடுபணியிலும் இத்தகவல் பெரும்பாலும் ஒரே வாக்கியமாக மாறிவிடுகிறது: 'பின்லாந்து மக்களின் வாழ்க்கைத் தரமே உலகில் மிக உயர்ந்தது.' இறுதியாண்டு மாணவி ஒருவரின் இடுபணியில் இவ்வாக்கியத்தைக் கண்டபோது, ஓரத்தில் 'எந்தத் தரம்?' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அவர் என் அறைக்கு வந்து, "ஐயா, வாழ்க்கைத் தரம் என்றால் ஒன்றுதானே?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்ன விடையைச் சற்று விரிவாகச் சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

பொருளியலார் செய்ய வேண்டிய வேலையை இந்திய ஆய்வியல் துறையைச் சார்ந்தவர் ஏன் மேற்கொள்ள வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். தரவரிசைப் பட்டியலும் ஒரு பனுவலே. அதனை ஆக்கியோர் உண்டு. அதில் பேசும் குரல் உண்டு. பேசாது விட்ட இடங்களும் உண்டு. கவிதையை வாசிக்கும்போது நாம் எழுப்பும் வினாக்களுள் சிலவற்றை எண்களிடமும் எழுப்பலாம்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் 'ஸ்டாண்டர்ட் ஆஃப் லிவிங்', 'குவாலிட்டி ஆஃப் லைஃப்', 'வெல்பீயிங்' என மூன்று சொற்கள் வழங்குகின்றன. முதலாவது பொருள்வளத்தைச் சுட்டும். இரண்டாவது உடல்நலம், கல்வி, உறவு, பாதுகாப்பு, சுற்றுச்சூழல் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. மூன்றாவது, இவற்றோடு ஒருவர் தம் வாழ்வைத் தாமே எவ்வாறு உணர்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. தமிழில் முதலிரண்டையும் 'வாழ்க்கைத் தரம்' என்றே எழுதிவிடுகிறோம். மூன்றாவதற்கு 'நல்வாழ்வு' என்று எழுதினால், தமிழ்நாட்டு வாசகருக்கு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையும் மருத்துவமனையும் நினைவுக்கு வரும். 'சேமநலம்' என்றால் இலங்கை வாசகருக்கு அரசு உதவித்திட்டம் நினைவுக்கு வரும். 

இக்குழப்பம் வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலன்று. ஐரோப்பாவின் சட்ட ஆவணங்களிலேயே இச்சொற்கள் இடம்மாறி வந்துள்ளன. 1992இல் கையெழுத்தான மாசுடிரிக்ட் உடன்படிக்கை, பொருள்வள உயர்வையும் வாழ்வின் பண்புயர்வையும் இருவேறு சொற்களால் அடுத்தடுத்துக் குறிப்பிட்டது. 2007இல் கையெழுத்தாகி 2009இல் நடைமுறைக்கு வந்த லிசுபன் உடன்படிக்கையோ, அமைதியையும் தன் விழுமியங்களையும் தன் மக்களின் நலவாழ்வையும் வளர்ப்பதே ஒன்றியத்தின் நோக்கம் என்கிறது. ஓர் அரசியல் அமைப்பு தன் நோக்கமாக மக்களின் நலவாழ்வை வரித்துக்கொண்டால், அதனை அளந்து காட்டும் கடமையும் அதன்மேல் வந்து விழுகிறது. ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகமான யூரோசுடாட் பொருள்நிலை, வேலை, உடல்நலம், கல்வி, ஓய்வும் உறவும், பாதுகாப்பு, ஆட்சியும் உரிமையும், சுற்றுச்சூழல் என எட்டுக் கூறுகளை வகுத்து, ஒன்பதாவதாக ஒட்டுமொத்த வாழ்வுணர்வையும் சேர்த்தமைக்கு இதுவே பின்புலம்.

ஒரே சொல்லால் பலவற்றைக் குறிப்பது தமிழின் குறையென்று எண்ணிவிடவும் கூடாது. பின்லாந்துச் சமூகவியலாளர் எரிக் அல்லார்ட், நலத்திட்டத்தையும் நலவாழ்வையும் ஒரே சொல்லால் குறிப்பது ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழக்கு என்று எடுத்துக்காட்டியுள்ளார். அவர் 1972இல் டென்மார்க்கு, பின்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய நான்கு நாடுகளில் நடந்த ஒப்பாய்விற்குத் தலைமை தாங்கியவர். மனிதத் தேவைகளை உடைமை, அன்பு, இருப்பு என மூன்றாகப் பகுத்தார். ஒவ்வொன்றிற்கும் புறநிலைச் சான்று, அகநிலைச் சான்று என இருவகை உண்டு என்றார். இவ்விரண்டும் ஒன்றையொன்று பின்தொடரும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அவ்வாய்வின் முதன்மையான கண்டறிவு. எனவே இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

அல்லார்டின் இக்கட்டுரை இடம்பெற்ற தொகுப்பு, மார்த்தா நுசுபாமும் அமர்த்தியா சென்னும் இணைந்து பதிப்பித்து 1993இல் வெளிவந்தது. அதற்கு அடிப்படையான மாநாடு கூடியது ஹெல்சிங்கியில். வறுமையையும் பஞ்சத்தையும் வங்காளத்தின் வாயிலாக அறிந்த ஒருவரின் சிந்தனையும் வடதுருவத்தை அண்டிய நாடுகளின் புள்ளியியல் மரபும் ஒரே நூலில் சந்தித்தமை, இந்திய ஆய்வியலார் உரிய கவனம் செலுத்தாத நிகழ்வு என்பது என் கருத்து. பின்னாளில் 2008இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சர்க்கோசி அமைத்த ஆணையத்தில் ஜோசப் சுடிக்லிட்சு, ழான் பால் பித்துசி ஆகியோருடன் சென் பணியாற்றினார். உற்பத்தியை விடுத்து வீட்டாரின் வருவாயையும் நுகர்வையும் பாருங்கள், புறநிலையோடு அகநிலையையும் அளந்து பாருங்கள் என்று 2009இல் வெளிவந்த அதன் அறிக்கை கூறியது.

பட்டியல்கள் ஒத்துப்போவதில்லை

அறிக்கையின் அறிவுரை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அயர்லாந்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 2015இல் அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26 விழுக்காடு வளர்ந்ததாக மறு ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஐரிசு மக்கள் ஓராண்டில் கால்பங்கு கூடுதலாக உண்ணவுமில்லை, உடுக்கவுமில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அயர்லாந்துக் கணக்கிற்கு மாற்றிக்கொண்டதன் விளைவு அது. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே பின்னர்த் திருத்திய தேசிய வருமானம் என்னும் வேறோர் அளவையை உருவாக்க நேர்ந்தது. தலைக்குரிய உற்பத்தியில் அயர்லாந்து ஒன்றியச் சராசரியைப் போல் இருமடங்கு நிற்கிறது. வீட்டார் உண்மையில் நுகர்வதை எடுத்துக்கொண்டால் சராசரியை ஒட்டியே நிற்கிறது. லக்சம்பர்க்கிலோ இருநூறாயிரத்திற்கும் மேற்பட்டோர் பிரான்சு, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து நாள்தோறும் எல்லை கடந்து வந்து உழைக்கின்றனர். உற்பத்தியைக் கணக்கிடும்போது அவர்களின் உழைப்பு சேர்கிறது. தலையால் வகுக்கும்போது அவர்களின் தலை சேர்வதில்லை.

வருவாயை விட்டு ஆயுளை எடுத்துக்கொண்டால் வரிசை மாறுகிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஐரோப்பிய ஒன்றியத்தில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் மிக நீண்டிருந்தது ஸ்பெயினிலும் இத்தாலியிலும்தான். 2023இல் ஸ்பெயினின் அளவு 84. மகிழ்ச்சியில் முதலிடம் பெற்ற பின்லாந்து 82ஐ எட்டவில்லை. பல்கேரியாவும் லாத்வியாவும் 76ஐ ஒட்டி நிற்கின்றன. ஒரே ஒன்றியத்திற்குள், ஒரே கடவுச்சீட்டுடன், எட்டு ஆண்டு ஆயுள் வேறுபாடு இருப்பதை நாம் எளிதில் கடந்துவிடக்கூடாது.

இனி மூன்றாவது பட்டியல். வாழ்வில் எவ்வளவு மனநிறைவு உண்டு என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் மதிப்பிடச் சொல்கிறது யூரோசுடாட். 2013இல் டென்மார்க்கு, பின்லாந்து, சுவீடன் மூன்றும் 8.0 பெற்று முன்னின்றன, பல்கேரியா 4.8 பெற்றது. இதுவரை யாவரும் எதிர்பார்த்ததே. 2022இல் ஆஸ்திரியா 7.9 பெற்று முதலில் வந்தது. அடுத்து 7.7 பெற்றவை மூன்று நாடுகள்: பின்லாந்து, போலந்து, ருமேனியா. 2013இல் 7.3 பெற்றிருந்த ஜெர்மனி 6.5க்கு இறங்கிப் பல்கேரியாவிற்கு மட்டுமே மேலே நின்றது.

ருமேனியர் ஜெர்மானியரைவிட மனநிறைவோடு வாழ்கின்றனர் என்பதை எவ்வாறு வாசிப்பது? வறியோர் தம் ஆசைகளைச் சுருக்கிக்கொள்கின்றனர், ஆதலின் அவர்தம் மனநிறைவை மட்டும் நம்பி நீதியை அளக்க முடியாது என்று சென் பலகால் எழுதியுள்ளார். இக்கருத்தை ருமேனியாவின்மேல் பொருத்திப் பார்ப்பது எளிது. ஆனால் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. பின்லாந்துக்காரர் 8 என்றால் அவர் சொல்லை நம்புகிறோம், ருமேனியர் 7.7 என்றால் 'பாவம், பழகிவிட்டார்' என்கிறோம். நமக்குப் பிடித்த விடைக்கு ஒரு நெறியும் பிடிக்காத விடைக்கு வேறொரு நெறியும் வகுப்பது திறனாய்வு ஆகாது. ருமேனியரின் ஆயுள் 77ஐ எட்டவில்லை என்பதும் உண்மை; அவர் தம் வாழ்வை 7.7 என்று மதிப்பிட்டார் என்பதும் உண்மை. அல்லார்டு செய்ததைப் போல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே நேர்மை.

வீடு என்னும் சான்று

சராசரிகளிலிருந்து சற்றே இறங்கி வீட்டிற்குள் நுழைந்தால் வேறுபாடுகளின் தன்மை புலப்படும். முனைவர்ப் பட்ட ஆய்விற்காக இங்கிலாந்தில் தங்கியிருந்த ஆண்டுகளில் நான் குடியிருந்த வாடகை அறையின் சுவர், மழைக்காலம் முழுவதும் கரும்பூஞ்சை படிந்தே இருந்தது. மேலங்கியை அணிந்துகொண்டே ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ததுண்டு. வெப்பமண்டலத்திலிருந்து சென்றவனுக்குக் குளிர் அப்படித்தான் இருக்கும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். வடநாடுகளுக்குச் சென்று வந்த நண்பர், அங்கே வெளியே உறைபனி இருந்தாலும் வீட்டிற்குள் மெல்லிய சட்டை போதும் என்றபோதுதான், குளிர் வானிலையைச் சார்ந்தது மட்டுமன்று, சுவரையும் சார்ந்தது என்பது விளங்கிற்று.

புள்ளிவிவரமும் இதையே சொல்கிறது. வீட்டைப் போதிய அளவு வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ள இயலவில்லை என்று 2023இல் கூறியோர், வெயில் நாடுகள் என்று சுற்றுலாத்துறை விளம்பரப்படுத்தும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஏறத்தாழ 21 விழுக்காட்டினர். பின்லாந்தில் 3 விழுக்காட்டிற்கும் குறைவு. குளிர்கால உபரி இறப்புகளை 1988 முதல் 1997 வரை பதினான்கு ஐரோப்பிய நாடுகளில் ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஆய்வொன்றில் போர்ச்சுகலின் அளவு 28 விழுக்காடு; பின்லாந்தின் அளவு 10. குளிர் மிகுந்த நாட்டில் குளிரால் இறப்போர் குறைவு, மிதமான நாட்டில் மிகுதி என்னும் இம்முரணுக்குக் காரணம் கட்டுமான விதிகளும் சுவரின் காப்புப்பொருளும் இரட்டைக் கண்ணாடிச் சன்னலும் வெப்பமூட்டும் செலவும்தாம். அதே ஸ்பெயின் 2023இல் ஆயுள் பட்டியலில் முதலிடம் வகித்தது என்பதையும் மறத்தலாகாது. எந்த ஒரு நாடும் எல்லாப் பட்டியல்களிலும் ஒரே இடத்தில் அமர்வதில்லை.

வீட்டுரிமை இன்னும் சிக்கலானது. ருமேனியாவில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் சொந்த வீட்டில் வாழ்கின்றனர். ஜெர்மனியில் பாதிக்கும் குறைவானோரே அவ்வாறு வாழ்கின்றனர். சொந்த வீட்டை வாழ்நாள் இலட்சியமாகக் கொண்ட நம் வாசகர், ருமேனியா வென்றுவிட்டது என்று முடிவுகட்டக்கூடும். 1990க்குப் பின் அரசு தன் அடுக்குமாடிக் குடியிருப்புகளை அதிலிருந்தோருக்கே குறைந்த விலைக்கு விற்றதன் பயன் இது. அச்சுவர்களுக்குள் பத்தில் நால்வர் இடநெருக்கடியில் வாழ்கின்றனர் என்பது மறுபக்கம். ஜெர்மனியின் வாடகைதாரரோ வலுவான வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் வாழ்கிறார். உடைமை பாதுகாப்பின் ஒரு வழி; சட்டம் மற்றொரு வழி.

பெற்றோர் வீட்டிலிருந்து பிள்ளைகள் வெளியேறும் சராசரி வயது பின்லாந்தில் 21. குரோவேசியாவில் 30ஐத் தாண்டுகிறது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 30ஐ ஒட்டியது. ஐரோப்பிய ஆய்வுரைகள் பல இதனை இளையோர் தற்சார்பின் குறியீடாகக் கொண்டு, தென்னாடுகளின் பின்னடைவு என்று பேசுகின்றன. மணமாகும்வரை பெற்றோருடன் வாழ்வதை இயல்பெனக் கருதும் சமூகத்திலிருந்து வாசிப்பவருக்கு இது பின்னடைவாகத் தோன்றாது. ஆனால் அவ்வளவில் நின்றுவிடுவதும் தவறு. பின்லாந்தில் மாணவருக்கு அரசு உதவித்தொகையும் வீட்டு உதவியும் தருகிறது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் தற்காலிக வேலையும் உயர்ந்த வாடகையும் இளைஞரை வீட்டிலேயே நிறுத்திவைக்கின்றன. விரும்பித் தங்குவதும் வேறு வழியின்றித் தங்குவதும் எண்ணில் ஒன்றுபோலவே பதிவாகும். சென் வலியுறுத்தும் இயலுமைக் கோட்பாட்டின் நுட்பம் இவ்விடத்தில்தான் பயன்படுகிறது: ஒருவர் என்ன செய்கிறார் என்பதோடு, வேறு என்ன செய்ய அவரால் இயலும் என்பதையும் கேட்க வேண்டும்.

ஏணி என்னும் உருவகம்

உலக மகிழ்ச்சி அறிக்கை மகிழ்ச்சியைப் பற்றி நேராகக் கேட்பதில்லை என்பதை அறிந்தோர் சிலரே. கேலப் நிறுவனம் நாட்டிற்கு ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் ஆண்டுதோறும் கேட்பது ஏணியைப் பற்றிய ஒரு வினா. பூச்சியம் முதல் பத்துவரை படிகள் கொண்ட ஏணியைக் கற்பனை செய்யுங்கள்; உச்சிப்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு; இப்போது எப்படியில் நிற்கிறீர்கள்? இவ்வினா ஹேட்லி கேன்ட்ரில் என்னும் உளவியலார் வகுத்து 1965இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. மூவாண்டு விடைகளின் சராசரியே தரவரிசையாகிறது.

ஏணி ஓர் உருவகம். அதில் மேல் உண்டு, கீழ் உண்டு. ஒருவர்க்கு மேலே மற்றொருவர் நிற்பர். வட்டம் என்றோ தோட்டம் என்றோ கேட்டிருந்தால் வேறு விடை கிடைத்திருக்கும் எனப் பாடல்களின் உருவகத்தை ஆயும் எவரும் ஐயுறுவர். 2024இல் வெளிவந்த ஆய்வொன்று இவ்வையத்தை உறுதிசெய்கிறது: ஏணி என்னும் படிமம் செல்வத்தையும் அதிகாரத்தையும் நினைக்கச் செய்கிறது, அப்படிமத்தை நீக்கிவிட்டால் உறவும் உடல்நலமும் போன்றவை கூடுதலாக நினைவிற்கு வருகின்றன. யூரோசுடாட்டின் மனநிறைவுப் பட்டியலில் பின்லாந்துடன் சமநிலையில் நின்ற ருமேனியா, ஏணிப் பட்டியலில் அதற்கு வெகு கீழே நிற்பதன் காரணத்துள் ஒரு பகுதியேனும் இவ்வுருவகத்தில் இருக்கலாம் என்பது என் கணிப்பு.

பின்லாந்தின் முதலிடத்திற்குத் தேசிய இயல்பைக் காரணம் காட்டுவோரும் உளர். அளவான ஆசை, அமைதி, நீராவிக் குளியல், காடு என்று அடுக்குவர். டென்மார்க்கின் மெழுகுவத்தி மாலைகளைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் விமான நிலையக் கடைகளில் குவிந்துகிடக்கின்றன. ஒரு மக்களினத்தின் நலத்தை அதன் இரத்தத்தில் தேடும் இவ்விளக்கம் வரலாற்றின் முன் நிற்பதில்லை. 1970களின் தொடக்கத்தில் பின்லாந்தின் கிழக்கிலுள்ள வட கரேலியாவில் ஆடவர் இதயநோயால் இறக்கும் வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. 1971இல் அப்பகுதி மக்களே அரசுக்கு விண்ணப்பம் எழுதினர். 1972இல் பெக்கா புசுகாவின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. வெண்ணெயும் உப்பும் புகையும் நிறைந்திருந்த வாழ்க்கைமுறை, இல்லத்தரசியர் சங்கங்களின் துணையோடு சமையலறையிலிருந்தே மாற்றப்பட்டது. பால் பண்ணையார் நிறைந்த பகுதியில் வெண்ணெயைக் குறையுங்கள் என்று சொல்வது எளிதான செயலன்று. பின்வந்த நான்கு பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆடவரின் இதயநோய் இறப்பு 80 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது.

தற்கொலையும் அவ்வாறே. 1990இல் பின்லாந்தில் நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 30 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். 1986 முதல் 1996 வரை நாடு தழுவிய தடுப்புத் திட்டம் நடைபெற்றது. ஒவ்வோர் இறப்பின் பின்னணியையும் ஆராய்ந்து, மனச்சோர்வுக்கு உரிய மருத்துவம் கிடைக்கவில்லை என்பதைக் கண்டறிந்து பணியாற்றினர். அவ்வீதம் பின்னர்ப் பாதிக்கும் கீழே இறங்கியது. காடும் நீராவிக் குளியலும் 1990இலும் அங்கேதான் இருந்தன.

கணக்கில் வராதவர்

பல்கேரியாவைப் பற்றி மேலே எண்கள் சிலவற்றைச் சொன்னோம். பட்டியலில் வராத ஓர் எண் உண்டு. 1980களின் இறுதியில் 90 இலட்சத்தை நெருங்கியிருந்த அதன் மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் 65 இலட்சமாகச் சுருங்கியது. பிறப்பைவிட இறப்பு மிகுந்தது ஒரு காரணம், புலம்பெயர்வு மற்றொன்று. ஒரு நாட்டின் வாழ்வைப் பற்றி அதன் மக்கள் தந்த மிக வெளிப்படையான மதிப்பீடு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறியதே. ஆனால் கருத்தாய்வு எஞ்சியிருப்போரை மட்டுமே கேட்கிறது. சென்றவரின் விடை சென்ற நாட்டின் சராசரியில் கரைகிறது.

இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது இத்தாலிக்கும் ருமேனியாவிற்கும் இடையிலான உறவு. இத்தாலியர் நெடுநாள் வாழ்கின்றனர். முதுமையில் பராமரிக்க அரசு விடுதிகள் போதுமான அளவில் இல்லை. முதியோரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது அங்குக் குடும்ப மரபும்கூட. முன்பு மகளும் மருமகளும் செய்த அப்பணியை இன்று செய்வோருள் பெரும்பான்மையோர் வெளிநாட்டுப் பெண்கள். 'பதாந்தே' என்று அவர்களுக்கு ஒரு பெயரே உண்டு. ருமேனியா, உக்ரைன், மால்டோவா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவருள் பலர். இத்தாலியில் வாழும் ருமேனியர் மட்டும் பத்து இலட்சத்திற்கும் மேல். ஆகவே இத்தாலியின் நீண்ட ஆயுளைத் தனியொரு நாட்டின் சாதனையாக எழுதும்போது, படுக்கையருகே இரவில் விழித்திருக்கும் பெண்ணின் பங்கு அவ்வெண்ணிற்குள் பெயரின்றி மறைகிறது.

அவள் அனுப்பும் யூரோ, ருமேனியாவில் அவள் வீட்டின் நுகர்வுக் கணக்கில் ஏறுகிறது. கூரை மாற்றப்படுகிறது, பிள்ளைக்குக் கணினி வாங்கப்படுகிறது. பொருள்நிலை என்னும் முதற்கூறில் அவ்வீடு முன்னேறிவிட்டது. அப்பிள்ளை பாட்டியிடம் வளர்வது யூரோசுடாட்டின் ஒன்பது கூறுகளுள் எதில் பதிவாகும்? ஓய்வும் உறவும் என்னும் கூறு நண்பரையும் உறவினரையும் சந்திப்பது பற்றிக் கேட்கிறது. அதற்கு விடை தருவோர் வளர்ந்தவர்கள். பிள்ளையை எவரும் கேட்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பிறர் வீட்டு முதியோரைப் பராமரித்துத் தாயகம் திரும்பிய பெண்களிடம் ஆழ்ந்த மனச்சோர்வையும் உறக்கமின்மையையும் கண்ட உக்ரைன் மனநல மருத்துவர் இருவர், 2005இல் அதற்கு 'இத்தாலி நோய்க்குறி' என்று பெயரிட்டனர். நோய் வெளிப்பட்டது உக்ரைனில். ருமேனியாவிலும் பின்னர் அப்பெயர் வழக்கிற்கு வந்தது. அது எந்த நாட்டின் நலவாழ்வுக் கணக்கைச் சேர்ந்தது என்பதை மேற்கண்ட பட்டியல்களுள் ஒன்றும் தீர்மானிக்கவில்லை.

மாணவியின் இடுபணி மூன்று வாரங்களுக்குப் பின் திரும்பி வந்தது. 'வாழ்க்கைத் தரம்' என்று முன்பு எழுதிய இடங்களில் பொருள்வளம், வாழ்வின் பண்பு, நலவாழ்வு என மூன்று சொற்களைப் பிரித்து ஆண்டிருந்தார். ஓரிடத்தில் மட்டும் எச்சொல்லையும் இடாமல் கோடிட்டு விட்டிருந்தார். பாட்டியிடம் வளரும் பிள்ளையைப் பற்றிய பத்தி அது.